கடல் தாண்டி வந்த பதினோரு உருப்படிகள்: ஓசூர்ப் பட்டறை ஒன்றின் ஏற்றுமதிக் கணக்கு

ஓசூரில் சிறு இயந்திரப் பட்டறைகளுக்கு விலைக்கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். 2022 செப்டம்பரில் தொடங்கி 2025 வரை ஒரு பட்டறையில் நடந்ததை, அதன் உரிமையாளரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். யாருடைய பெயரும் இல்லை. ரூபாய்க் கணக்குகள் பட்டறையின் பேரேட்டிலிருந்து எடுத்தவை. படிக்க வசதியாகச் சில்லறையைச் சற்றுத் திருத்தியிருக்கிறேன். வெளிநாட்டு ஆர்டர் கைக்கு வந்து, விலை சொல்ல உட்கார்ந்திருக்கும் பட்டறைக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இந்த மனிதர் பட்ட பாட்டில் பாதியை ஒரே ஒரு தாள் கணக்கால் தவிர்த்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

பின்னணி

உரிமையாளர் பாலக்கோடு பக்கத்துக்காரர். 1980களில் லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று பெரிய ஆலைகள் ஓசூருக்கு வந்த பிறகு, அவற்றுக்குத் துண்டு துண்டாக வேலை செய்து கொடுக்க எழுந்த நூற்றுக்கணக்கான பட்டறைகளில் அவருடையதும் ஒன்று. இரண்டு பழைய மிஷின்களோடு ஆரம்பித்தவர். 2022-இல் அவரிடம் 14 சிஎன்சி லேத்துகளும் (கணினி ஓட்டும் கடைசல் மிஷின்கள்) 38 ஆட்களும் இருந்தார்கள். ஆண்டு விற்பனை ஆறரைக் கோடி. எல்லாம் உள்ளூர் வேலை. லாரி பாகம் செய்யும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு 90 நாள் காத்திருந்து பணம் வாங்குவது அவருக்குப் பழகிப்போனது. ஆனாலும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கிறோமே என்ற பயம் உண்டு. லாரி விற்பனை படுத்தால் இவரும் படுப்பார்.

2022 செப்டம்பரில் பெங்களூரு முகவர் ஒருவர் வழியாகத் தெற்கு ஜெர்மனிக் குடும்பக் கம்பெனி ஒன்றின் விசாரணை வந்தது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கருவிகளின் குழாய்களை இணைக்கும் பிட்டிங்குகள், பதினோரு வகை, மாதம் 40,000 உருப்படி. ஐரோப்பாவில் எரிவாயு விலை அந்த ஆகஸ்டில் உச்சத்துக்குப் போயிருந்த நேரம். ஆனால் மின்கட்டணத்துக்குப் பயந்து மட்டும் அவர்கள் வேலையை வெளியே தரவில்லை. அவர்களிடம் இருந்த செட்டர்கள், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் மிஷினை அமைத்துக் கொடுப்பவர்கள், வயதானவர்கள், அடுத்தடுத்து ஓய்வு பெறவிருந்தார்கள். மிச்சமிருந்த கைகளையும் மிஷின் நேரத்தையும், லாபம் அதிகம் உள்ள வால்வு வேலைக்குத் திருப்ப நினைத்தார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் பட்டறையில் மூன்றரை நிமிடம் பிடிக்கும் உருப்படியை அவர்கள் மிஷின் ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்துவிடும். அதாவது இந்த வேலையிலும் நம்மைவிட அவர்கள்தான் வேகம். அப்படியிருந்தும் வேலை நமக்கு வருகிறது. டேவிட் ரிக்கார்டோ 1817-இல் துணியையும் திராட்சை மதுவையும் வைத்துச் சொன்னது இதைத்தான். அவருடைய கணக்கில் போர்ச்சுகல் இரண்டையுமே இங்கிலாந்தைவிடக் குறைந்த உழைப்பில் செய்யும். ஆனாலும் தன் உழைப்பை மதுவில் போட்டு, துணியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதுதான் அதற்கு லாபம். 'நம்ம ஆளுக்குக் கூலி கம்மி, அதனால வேலை வருது' என்றுதான் இங்கே எல்லோரும் நினைக்கிறோம். அது முழு உண்மை இல்லை. அவர்களுக்கு அந்த நேரத்தை வேறு இடத்தில் போட்டால் அதிகம் கிடைக்கிறது, அதனால் இது நம் பக்கம் தள்ளி வருகிறது. இது முன்பே தெரிந்திருந்தால் விலை பேசும்போது உரிமையாளருக்கு இன்னும் கொஞ்சம் துணிச்சல் வந்திருக்கும்.

விலை சொன்ன விதம்

2022 அக்டோபரில் கொட்டேஷன் போனது. அதிகம் ஓடும் உருப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 210 கிராம் இரும்பு ராடு வெட்டி, கடைந்து முடித்தால் 120 கிராம். ராடு கிலோ 78 ரூபாய். கடைசலில் உதிரும் தூளை விற்ற காசைக் கழித்தால் பொருளுக்கு 13.50. மிஷின் நேரம் மணிக்கு 480 வீதம் 28 ரூபாய். பிளேட்டிங் (முலாம் பூச்சு) 9, பரிசோதனையும் பெட்டியும் 3, அவர்கள் வாசல் வரை கொண்டு சேர்க்கும் கப்பல் செலவு 2.80. மேலே 6 ரூபாய் லாபம். மொத்தம் 62.30. யூரோ அப்போது 80 ரூபாய் வாக்கில் இருந்ததால் 78 சென்ட் என்று சொன்னார். அவர்களே செய்தால் ஆகும் அடக்க விலை 1.55 யூரோ. பாதிக்குப் பாதி. உடனே ஒத்துக்கொண்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்தே ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும் என்று அவரே பிறகு சொன்னார்.

கொட்டேஷனில் மூன்று விஷயங்கள் இருந்தன, அவற்றுக்கு யாரும் அன்று விலை போடவில்லை. சரக்கு அவர்கள் வாசலில் இறங்கும்வரை செலவும் பொறுப்பும் இவருடையது. சரக்கு சேர்ந்து 60 நாள் கழித்துப் பணம். விலை இரண்டு வருடத்துக்கு மாறாது.

ராடு விலையிலும் ஒரு சங்கதி உண்டு. 2022 மே 22 முதல் இரும்புப் பொருள் பலவற்றுக்கு அரசு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டிருந்தது. சரக்கு உள்நாட்டிலேயே தங்கியதால் விலை அமுங்கிக் கிடந்தது. நவம்பர் 19-இல் அந்த வரி நீங்கியது. அடுத்த சில மாதங்களில் அவருடைய ராடு 85 ரூபாய்க்குப் போனது. 78 என்பது சட்டம் அழுத்திப் பிடித்திருந்த விலை. அதையே நிலையான விலை என்று எடுத்துக்கொண்டு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டார்.

டிராயிங்கில் இல்லாத வேலை

2023 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து ஒரு செட்டர் இரண்டு வாரம் வந்து தங்கினார். அறுபதைத் தாண்டியவர். இந்தப் பதினோரு உருப்படிகளையும் ஏறக்குறைய முப்பது வருடம் செய்த கை அவருடையது. அந்தக் கோடையில் ஓய்வு. அவருடைய வரிசையில் இன்னும் இருவர், ஒருவருக்கு வால்வுப் பிரிவில் இடம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. இதைக் கடைசி நாளில் தேநீர் குடிக்கும்போதுதான் சொன்னார். தன் வேலையைக் கொண்டுபோகிறவர்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க வந்திருந்தார் அந்த மனிதர், மனம் கோணாமல் கற்றுக்கொடுத்தார். பட்டறையில் எல்லோரும் அவரை இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறார்கள்.

மிஷினிலிருந்து வந்த ஒவ்வொரு உருப்படியையும் அவர் கையில் எடுத்து, துளையின் உள்விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டுவார். பிசிறு, அதாவது வெட்டிய விளிம்பில் ஒட்டி நிற்கும் கூர், நகத்தில் லேசாகத் தட்டினால் ஓரமாக வைப்பார். பிறகு ஒரு சின்னக் கைக்கத்தியால் விளிம்பை ஒரே இழுப்பில் சீவி, மறுபடி நகத்தை ஓட்டுவார். நம் செட்டர் காரிமங்கலத்துப் பையன், டிப்ளமோ முடித்து ஆறு வருட அனுபவம். அவன் இதைக் கவனித்துவிட்டு உரிமையாளரிடம் வந்தான்.

"சார், அவர் கையால சீவுறார். டிராயிங்ல அப்படி எதுவும் போடலையே."

"டிராயிங்ல என்ன போட்டிருக்கு தம்பி?"

"பிசிறு எடுக்கணும்னு மட்டும் இருக்கு. எவ்வளவுன்னு இல்ல சார்."

"அப்ப மிஷின்லயே எடுத்துடு."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. விளிம்பில் எத்தனை மில்லிமீட்டர் சீவ வேண்டும் என்று டிராயிங்கில் எழுதவே இல்லை, முப்பது வருடமாக எழுத வேண்டிய தேவையும் அங்கே வரவில்லை. அந்த அளவு செட்டர் கையில் இருந்தது. அந்த இடத்தில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) ஒன்று உராய்ந்துகொண்டு உள்ளே போகும். பிசிறு இருந்தால் ரப்பரைக் கீறிவிடும், சில வாரத்தில் எண்ணெய் கசியும்.

நடந்தது

2023 ஏப்ரலில் முதல் சரக்கு சென்னைத் துறைமுகம் போனது. ஜூனில் முதல் புகார் வந்தது: எண்ணெய்க் கசிவு. 6,000 உருப்படிகளை அங்கேயே ஆள் வைத்துப் பிரித்தார்கள், மணிக்கு 40 யூரோ. பில் இங்கே வந்தது. அதற்குள் அதே பிசிறோடு இன்னும் இரண்டு சரக்கு கப்பலில் போய்க்கொண்டிருந்தது. உள்ளூர் வாடிக்கையாளர் என்றால் காலையில் போன் வரும், மாலைக்குள் மிஷினைத் திருத்திவிடலாம். இங்கே தவறு தெரிவதற்குள் இரண்டு மாத உற்பத்தி கடலில் இருக்கிறது.

அடுத்து துரு. முலாம் இல்லாமல் எண்ணெய் மட்டும் தடவிப் போகும் இரண்டு வகைகள் சிவந்து போய்ச் சேர்ந்தன. சென்னையின் ஈரக்காற்றோடு மூடிய கன்டெய்னர் கடலில் குளிரும்போது உள்ளே வியர்க்கும், அந்தத் தண்ணீர் சரக்கின் மேல் சொட்டும். துருத் தடுப்பு உறையும் ஈரம் உறிஞ்சும் பைகளும் போட்ட பிறகு பிரச்சினை தீர்ந்தது. பெட்டிச் செலவு 3-இலிருந்து 4.50 ஆனது.

கைச்சீவல் சேர்ந்ததும் உருப்படிக்கு மூன்றரை நிமிடம் நாலேகால் ஆனது. ராயக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் நான்கு பெண்கள் இந்த வேலைக்கு என்றே பழகினார்கள். மூன்று மாதத்தில் ஜெர்மன் செட்டரின் நகம் அவர்கள் விரலுக்கும் வந்துவிட்டது. நான் நேரில் பார்த்தபோது கண்ணை உருப்படியில் வைக்காமல் தொட்டே ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

2023 டிசம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் மிகுந்ததால் பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றத் தொடங்கின. ஹாம்பர்க் போகும் நாள் ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்டது. 2.80 என்று போட்ட கப்பல் செலவு 4.60 ஆனது. வாசல் வரை பொறுப்பு இவருடையது என்பதால் முழுச் சுமையும் இவர் தலையில். அங்கே இருப்பு தீர்ந்து அசெம்பிளி நிற்கும் நிலை வந்தபோது பெங்களூரு விமான நிலையம் வழியாகச் சரக்கு அனுப்பினார். 62 ரூபாய்ப் பொருளுக்கு விமானக் கூலி 27 ரூபாய். பாதியை அவர்கள் ஏற்றார்கள்.

2024 ஜனவரியில் காரிமங்கலத்துப் பையன் வேலையை விட்டான். கைபேசி பாகம் செய்யும் பெரிய ஆலையில் கூடுதல் சம்பளம், பி.எஃப்., பஸ், சாப்பாடு. அவனைக் குறை சொல்ல முடியாது. சீனாவை மட்டும் நம்பக் கூடாது என்று உலகக் கம்பெனிகள் கிளப்பிய வேலைதான் ஓசூரைச் சுற்றி வந்து இறங்கியிருக்கிறது. இவருக்கு ஆர்டர் கொண்டுவந்த அதே காற்று இவருடைய செட்டரையும் கொண்டுபோனது. புதிய ஆள் பழகும்வரை இரண்டு மாதம் ரிஜெக்ஷன் ஏறியது.

பணம் எங்கே நின்றது

2024 மார்ச்சில் என்னைக் கூப்பிட்டார். "விற்பனை ஒன்பது கோடியைத் தாண்டிடுச்சு சார், ஆனா சம்பளத் தேதிக்குக் கையில காசு இல்லை" என்றார். அன்று உட்கார்ந்து போட்ட கணக்கு இது. ராடு வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் கடைசல், பிளேட்டிங், பேக்கிங், சென்னை வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரி, கப்பல், அங்கே லாரி, அப்புறம் 60 நாள். எல்லாம் சேர்ந்து 132 நாள், செங்கடலுக்குப் பிறகு 146. மாதம் 25 லட்சம் சரக்கு என்றால் எப்போதும் ஒரு கோடிக்கு மேல் பணம் வழியிலேயே கிடக்கிறது. அதற்கு வங்கி ஓவர்டிராஃப்டில் (ஓடி) 11 சதவீத வட்டி. இந்தப் பக்கம் பிளேட்டிங்காரருக்கு 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு அதற்கு மேல் நிலுவை வைத்தால் கொடுக்கும்வரை செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி 2023-24 கணக்காண்டிலிருந்து அமலுக்கு வந்துவிட்டது. நல்ல விதி, இவரே உள்ளூரில் அதனால் பயன் பெற்றார். ஆனால் ஜெர்மன்காரரை அது கட்டாது.

உண்மையான அடக்கம்: பொருள் 15, மிஷின் 34, பிளேட்டிங் 9, பெட்டி 4.50, கப்பல் 4.60, வட்டி 2.70, ரிஜெக்ஷனும் அங்கே பிரித்த கூலியும் 3.20, விமானக் கூலியைப் பரப்பினால் 2.50. மொத்தம் 75.50. கைக்கு வந்தது 70.20, காரணம் யூரோ 90 ஆகியிருந்தது. ஏற்றுமதியாளர் கட்டிய வரிகளை அரசு திருப்பித் தரும் டிராபேக், ரோடெப் என்ற இரண்டு திட்டங்களும் சேர்ந்து தந்த ஒரு ரூபாய்ச் சொச்சத்தைக் கூட்டினாலும் உருப்படிக்கு நான்கு ரூபாய் நட்டம்.

இந்த விவகாரத்திலேயே என்னை அதிகம் உறுத்தியது யூரோ ஏற்றம்தான். அது 80-லேயே நின்றிருந்தால் நட்டம் பன்னிரண்டு ரூபாய்க்குப் போயிருக்கும், அவர் ஆறே மாதத்தில் விழித்திருப்பார். நாணய மாற்றில் வந்த எட்டு ரூபாய் நட்டத்தை மூடி வைத்தது, மாதா மாதம் ஏறும் விற்பனைத் தொகை மீதியை மூடியது. கணக்காளரும் வங்கியும் வளர்ச்சி என்றே பார்த்தார்கள்.

எடுத்த முடிவுகள்

ஆர்டரை விட்டுவிடலாமா என்று முதலில் பேசினோம். இந்த ஆர்டருக்கென்றே ஓடும் ஆறு மிஷின்களும் பழகிய ஆட்களும் இருக்கும்போது அது அவசரமாகப் பட்டது. எல்லா வகைக்கும் ஒரே சதவீதம் விலை ஏற்றிக் கேட்கலாம் என்றார் அவர். அதை நான் தடுத்தேன். பதினோரு உருப்படிகளும் ஒரே மாதிரி நட்டம் தரவில்லை. ஐந்து வகைகள் மாதா மாதம் சீராக, பெரிய எண்ணிக்கையில் ஓடுகின்றன, தூரம் அவற்றை அதிகம் பாதிக்கவில்லை. மூன்று வகைகளில் கைச்சீவல்தான் செலவு. மீதி மூன்று வகைகள் எப்போது எவ்வளவு வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது. திடீரென்று 400 கேட்பார்கள், பிறகு மூன்று மாதம் மௌனம். விமானச் சரக்கில் பெரும்பகுதி இந்த மூன்றும்தான்.

அவர்களிடம் நம் அடக்கத்தைத் திறந்து காட்டலாம் என்று முடிவு செய்தோம். அவருக்குத் தயக்கம், 'நம்ம கணக்கைக் காட்டினா விலையைக் குறைப்பாங்க' என்றார். லாபம் இருந்தால் அந்தப் பயம் சரி. நட்டத்தைக் காட்டுவதில் இழக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். 2024 ஏப்ரல், மே மாதங்களில் நான்கு முறை வீடியோவில் பேசினோம். மூன்றாவது பேச்சில் அவர்களுடைய கொள்முதல் அதிகாரி தன் பக்கக் கணக்கையும் எடுத்து வைத்தார். தாளில் உருப்படிக்கு 77 சென்ட் மிச்சம் என்று நம்பித்தான் அவர்கள் வேலையைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். இரண்டு மாத இருப்பு வைக்கும் செலவு, பிரிக்கும் கூலி, விமானத்தில் பாதி, ஆள் வந்து போன செலவு எல்லாம் கழித்தால், ஓடும் வகைகளில் சுமார் 40 சென்ட்தான் மிச்சம். அந்த மூன்று திடீர் வகைகளில் 1.55-ஐவிட அதிகம் செலவாகியிருந்தது. அவர்களும் நட்டம், நாமும் நட்டம்.

அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்தோம். லாரியில் இரண்டு நாளில் வந்து சேரும் செக் நாட்டுப் பட்டறைக்கு அவர்கள் மாற்றினார்கள். மிச்சம் எட்டு வகைக்கும் சென்னையில் கப்பலில் ஏற்றும்வரை மட்டுமே இவர் பொறுப்பு. பணம் கப்பல் ரசீது தேதியிலிருந்து 30 நாள். ராடு விலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தம். கைச்சீவல் உள்ள மூன்று வகைகளின் டிராயிங்கில் விளிம்பு அளவு எழுத்தில் ஏறியது, அதற்கு 9 சென்ட் கூடுதல். வங்கியில் ஓடியை விட்டு ஏற்றுமதி ஆர்டரை வைத்துச் சரக்கு அனுப்புமுன் தரும் கடனான பேக்கிங் கிரெடிட்டுக்கு மாறினோம்.

இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கரிமத்துக்கு விலை வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிம எல்லை வரி முறை, 2023 அக்டோபர் 1 முதல் விவரம் மட்டும் கேட்கும் அறிக்கைக் கட்டத்தில் இருந்தது. இரும்புப் பிட்டிங்குகளும் அதில் வரும். ராடு உருக்கும்போது எவ்வளவு கரிமம் வெளியானது என்று வாங்குபவர் கேட்டார். ராடு வியாபாரிக்குக் கேள்வியே புரியவில்லை. அதனால் சேலம் பக்கத்து உருக்காலையின் விற்பனையாளரிடம் நேரடியாக வாங்கும்படி மாற்றினோம். கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் அதிகம், கேட்ட தகவல் ஒவ்வொரு சரக்கோடும் வருகிறது.

பிறகு

புதிய ஒப்பந்தம் 2024 ஜூலையில் நடப்புக்கு வந்தது. மாத எண்ணிக்கை 40,000-லிருந்து 34,000 ஆனது. பணம் திரும்பும் காலம் 146 நாளிலிருந்து 75-க்கு வந்தது, கப்பல் எத்தனை நாள் சுற்றினாலும் அது மாறாது. 2025 மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடித்தபோது உருப்படிக்குச் சராசரியாக ஐந்து ரூபாய் நின்றது. பெரிய லாபம் இல்லை. முந்தைய பதினைந்து மாத நட்டத்தை அடைக்க இன்னும் சில காலம் ஆகும். விளிம்பு சீவும் பெண்களில் இருவருக்கு இன்ஸ்பெக்டர் பதவியும் சம்பள உயர்வும் கிடைத்தன. அவர்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்று உரிமையாளருக்கு இப்போது தெரியும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கொட்டேஷன் போடுமுன் நாட்களை எண்ணியிருக்க வேண்டும். ராடு வாங்கும் நாள் முதல் வங்கியில் பணம் விழும் நாள் வரை ஒரு தாளில் எழுதி, அதற்கு வட்டி போட்டிருந்தால் 6 ரூபாய் லாபத்தில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போயிருப்பது தெரிந்திருக்கும். அடக்கத்தை 80 ரூபாய் யூரோவிலேயே ஒரு வரி தனியாக எழுதி மாதா மாதம் ஒப்பிட்டிருந்தால் நாணய ஏற்றம் கண்ணை மறைத்திருக்காது. வாங்குபவர் பணம் தராமல் போனால் காப்பாற்றும் இசிஜிசி (அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) காப்பீட்டை இவர் தொடக்கத்தில் எடுக்கவே இல்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம்.

என் பக்கமும் ஒன்று உண்டு. ஜெர்மன் செட்டர் இங்கே இருந்த இரண்டு வாரத்தில் நான் ஒருநாள் பட்டறைக்குப் போயிருந்தேன். அவர் நகத்தை ஓட்டுவதைப் பார்த்தேன், பழக்கம் என்று நினைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று கடிகாரத்தைப் பார்த்து அந்த நொடிகளை எண்ணியிருந்தால் 45 நொடி, 6 ரூபாய் என்று அப்போதே எழுதியிருப்பேன்.

2025-இல் இத்தாலியிலிருந்து ஒரு விசாரணை வந்தது, ஏழு வகை. உரிமையாளர் விலை சொல்லவில்லை. ஒவ்வொரு உருப்படியிலும் இரண்டு கேட்டு வாங்கி, அந்த ராயக்கோட்டைப் பெண்களிடம் கொடுத்து விளிம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஏழில் நான்கில் டிராயிங்கில் இல்லாத சீவல் இருந்தது. அந்த நான்குக்கும் அளவு எழுதித் தரும்படி டிராயிங்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.